பின்னுவதற்கு நூல் யாரிடம் கேட்பது?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். எங்கள் அடுக்குமாடியிலும் பக்கத்து ஒழுங்கையிலுமாக ஆறு பெண்கள் சேர்ந்து, குறைமாதக் குழந்தைகளுக்குக் குல்லாவும் மலையகத்து முதியவர்களுக்குச் சால்வையும் பின்னிக் கொடுத்து வருகிறோம். சிலர் ஊசிப் பின்னல், சிலர் குறோசே. இதுவரை எல்லாம் சொந்தச் செலவுதான். இப்போது நூல் விற்கும் விலைக்கு ஓய்வூதியத்தில் கட்டுப்படியாகவில்லை. வெளிநாடுகளில் இப்படிப் பின்னுகிறவர்களுக்கு நூலை இனாமாகக் கொடுப்பார்களாம். கொழும்பில் யாரிடம் கேட்கலாம்? கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. தெரிந்த ஒருவர் ஒரு பெட்டி நிறையப் பழைய நூல் தந்தார். லேபல் எதுவும் இல்லை, பூச்சி உருண்டை மணக்கிறது. அதைப் பாவிக்கலாமா? எங்கள் ஊசிகளும் அம்மா காலத்தவை. இலக்கம் மட்டுமே இருக்கிறது. புதிய ஊசி வாங்க வேண்டுமா?

பதில்:

அன்பின் ரீச்சருக்கு வணக்கம்.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த நூலில் பிறந்த குழந்தைக்கு ஒரு குல்லாகூடப் பின்ன வேண்டாம். அலுமாரியில் போட்டு வைக்கும் வெள்ளை உருண்டை வழக்கமாக நப்தலீன். ஜீ6பீடீ என்ற நொதியம் குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். நப்தலீன் ஆவி பட்டால் அவர்களுடைய செங்குருதிக் கலங்கள் சிதைந்து கடும் மஞ்சட்காமாலை வரலாம். பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்த துணியில் சுற்றிய பச்சைக் குழந்தைகள் இப்படிப் பாதிக்கப்பட்டது மருத்துவத்தில் பதிவான விஷயம். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு உண்டு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கழுவினால் மணம் குறையும், ஆனாலும் குறைமாதக் குழந்தையின் விஷயத்தில் நான் அந்தத் துணிச்சலுக்குப் போகமாட்டேன். நூலைச் சிட்டம் சிட்டமாக, அதாவது பெரிய வளையங்களாக, சுற்றி, சவர்க்காரத் தண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் நிழலான இடத்தில் பல நாள் காற்றாட விடுங்கள். மணம் அடியோடு போன பிறகு பெரியவர்களுக்கான சால்வைக்கு எடுங்கள். இனிமேல் யார் நூல் தந்தாலும் வாங்கும்போதே ஒரு முறை முகர்ந்து பாருங்கள். உருண்டை மணம் இருந்தால் அந்தப் பையில் அதை எழுதி ஒட்டி, தனியாக வையுங்கள்.

இனி நூல் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி. கொழும்பில் பாவிக்காத பின்னல் நூல் கடைகளில் இருப்பதைவிட வீடுகளில்தான் அதிகம் கிடக்கிறது என்பது என் அனுபவம். எழுபது, எண்பது வயதுப் பெண்களை நினைத்துப் பாருங்கள். உடுவில் மகளிர் கல்லூரி 1824இல் தொடங்கிய காலந்தொட்டே மிஷன் பாடசாலைகளிலும் கன்னியர் மடங்களிலும் ஊசி வேலை ஒரு பாடமாக இருந்து வந்தது. அங்கே படித்து, கலியாணமாகிக் கொழும்புக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! பேரப்பிள்ளை பிறக்கப் போகிறது என்று நூல் வாங்குவார்கள். பிள்ளை பிறந்தது ரொறன்ரோவிலோ லண்டனிலோ. அங்கே கடையில் எல்லாம் கிடைக்கிறது. நூல் இங்கே தங்கிவிடும். பிறகு கண் மங்கும், விரல் மூட்டு வலிக்கும். ஊசியில் பாதி ஏறிய ஒரு சின்னக் கை, அதோடு ஒட்டிய மூன்று பந்து, மடித்து வைத்த பழுப்பேறிய பின்னல் மாதிரிப் புத்தகம் எல்லாம் ஒரே பையில் கட்டிலுக்குக் கீழே இருக்கும். அந்தப் பையை அவர்களால் எறிய முடியாது. யாரோ ஒருவர் வந்து பின்னி முடிப்பார் என்று தெரிந்தால் மனதாரத் தருவார்கள்.

ஆகவே கூச்சப்படாதீர்கள். நீங்கள் பிச்சை கேட்கப் போகவில்லை. அந்த அம்மா வாங்கி வைத்த நூல் ஒரு குழந்தையின் தலைக்குப் போய்ச் சேர வழி செய்யப் போகிறீர்கள். கேட்கிற விதத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘பழைய நூல் இருந்தால் தாருங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் கிழிந்த காலுறையும் சிக்கு விழுந்த தையல் நூலும்தான் வந்து சேரும். எதற்கு, எவ்வளவு, என்ன வகை, எப்போதைக்கு என்று சொல்லுங்கள். உங்கள் வட்ஸ்அப் செய்தி இப்படி இருக்கலாம்:

‘வெள்ளவத்தையில் ஆறு பேர் சேர்ந்து குறைமாதக் குழந்தைகளுக்குக் குல்லா பின்னுகிறோம். இன்னும் 40 குல்லா பின்ன வேண்டும். 100 கிராம் நூலில் நாலு குல்லா வரும். மென்மையான பேபி நூல் அல்லது டபிள் நிட் (நடுத்தரப் பருமன் நூல்), எந்த நிறமானாலும் சரி, அரைப் பந்தானாலும் சரி. அலுமாரியில் பாவிக்காமல் இருந்தால் வந்து எடுத்துக்கொள்கிறோம். உங்கள் நூலில் பின்னியதைப் படம் எடுத்து அனுப்புவோம்.’

கடைசி வரிதான் நூலைக் கொண்டுவரும். அதைச் சொன்னால் கட்டாயம் செய்ய வேண்டும். ஒருவர் தந்த மஞ்சள் நூல் மூன்று மஞ்சள் குல்லாவாக மேசையில் இருக்கும் படம் அவருக்குப் போனால், அடுத்த மாதம் அவருடைய மச்சாள் கூப்பிட்டுக் கதைப்பா. பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுக்கவே வேண்டாம். குல்லாவை மட்டும் எடுங்கள்.

இந்தச் செய்தியை எங்கே போடுவது? முதலில் உங்கள் பாடசாலையின் பழைய மாணவியர் சங்கத்தில். யாழ்ப்பாணத்து மகளிர் பாடசாலைகள் பலவற்றுக்குக் கொழும்பில் கிளைச் சங்கங்கள் இருக்கின்றன. கொழும்புப் பாடசாலைகளுக்குச் சொல்லவே வேண்டாம். உங்களோடு பின்னுகிற ஆறு பேரும் ஒரே பாடசாலையாக இருக்க மாட்டீர்கள், ஆகவே ஆறு வாசல் இருக்கிறது. கோயிலிலும் தேவாலயத்திலும் அறிவித்தல் பலகைக்கு உரியவரிடம் கேட்டு ஒரு தாள் ஒட்டுங்கள். தமிழில் மட்டும் நிறுத்தாமல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிப் பக்கத்தில் பின்னல் தெரிந்த பறங்கிய, சிங்கள, முஸ்லிம் மூதாட்டிகள் நிறையப் பேர். ஊசி வேலைக்காரருக்குள் மொழி பெரிய தடையாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு விஷயம் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். வீட்டில் பெரியவர் ஒருவர் தவறினால், வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் பிளாட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய அவசரத்தில் இருப்பார்கள். நகை, காணி உறுதி, புகைப்படம் எல்லாம் பிரிபடும். நூல் பை குப்பைக்குப் போய்விடும். அப்படிப்பட்ட வீட்டில் கேட்கலாம், ஆனால் செத்த வீட்டில் நின்றுகொண்டு கேட்கக் கூடாது. அந்தியேட்டி முடியட்டும், கிறிஸ்தவர்களானால் 31ஆம் நாள் பூசை முடியட்டும். அதன் பிறகு, தெரிந்த ஒருவர் மூலமாக, ‘அம்மாவின் நூலை எறிந்துவிடாதீர்கள், அவர் பெயரிலேயே பின்னிக் கொடுக்கிறோம்’ என்று சொல்லிப் பாருங்கள். ஊசி, அளவு நாடா, பொத்தான் டப்பா என்று எல்லாமே வந்து சேரும். அந்தப் பையில் பாதியில் நின்ற பின்னல் இருந்தால் அதை அவிழ்க்கலாமா, முடித்துத் தரட்டுமா என்று மகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சிலர் அதைத் தாங்களே வைத்துக்கொள்ள விரும்புவார்கள்.

வெளிநாட்டு உறவுகள் அடுத்த வழி. இங்கிலாந்தில் அறக்கொடைக் கடைகளிலும் கனடாவில் பழம்பொருள் கடைகளிலும் மிச்ச நூலைப் பை பையாகக் கட்டி மலிவாக விற்பார்கள். ஆவணி விடுமுறைக்கோ தைப்பொங்கலுக்கோ வருகிறவரிடம் நூல் கேட்டால், சொக்லேட்டை விடக் குறைந்த பாரத்தில் பெட்டியின் மூலைகளை நிரப்பிக்கொண்டு வரலாம். ‘லேபலைக் கழற்றாமல் கொண்டு வாருங்கள், பேபி நூலாக இருந்தால் நல்லது’ என்று மட்டும் சொல்லி விடுங்கள். கப்பலில் பெட்டியாக அனுப்புகிறோம் என்று யாராவது ஆசையாகச் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். அனுப்புகூலி, துறைமுகத்தில் எடுக்கிற செலவு, அலைச்சல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பணத்துக்குப் புறக்கோட்டையிலேயே நூல் வாங்கலாம்.

புறக்கோட்டை என்றதும், கடைக்காரரிடம் இனாமாகக் கேட்கலாமா என்று நினைப்பீர்கள். கேட்கலாம், ஆனால் அவரிடம் என்ன மிஞ்சும் என்று தெரிந்து கேட்க வேண்டும். கெய்சர் வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் தையல் சாமான் கடைகளில் ஒரு நிறத்தில் ஒற்றைப் பந்து மிஞ்சும். கண்ணாடிப் பெட்டியில் வைத்து வெயிலில் ஒரு பக்கம் வெளிறிய பந்து இருக்கும், லேபல் கழன்றது இருக்கும். ஒரு சுவெற்றருக்குப் போதாத ஒற்றைப் பந்தை வாடிக்கையாளர் தொடமாட்டார். உங்களுக்கு ஒற்றைப் பந்து நாலு குல்லா! மார்ச் கடைசியில் பலர் சரக்குக் கணக்கு எடுப்பார்கள், அந்த நாட்களில் போனால் நல்லது. தீபாவளி, நத்தார் நெரிசலில் போகாதீர்கள். முடிந்த அளவு காசு கொடுத்து ஏதாவது வாங்கிவிட்டு, பின்னிய குல்லா ஒன்றை மேசையில் வைத்துக் கேளுங்கள். 2022இல் டொலருக்கு 200 ரூபாயாக இருந்தது 360 வரை போனபோது இறக்குமதிச் சரக்கு விற்கிறவர்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். முற்றாக இனாம் தராவிட்டாலும் கழிவு விலைக்குத் தந்தால் அதுவும் உதவிதான், அவருக்கும் படம் அனுப்புங்கள்.

ஆடைத் தொழிற்சாலைகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியது முதல், ஏற்றுமதித் தொழிற்சாலையில் மிஞ்சுவது வெளியே மலிவாக வரும் என்று ஒரு நம்பிக்கை ஊறிப் போயிருக்கிறது. முதலீட்டுச் சபையின் கீழ் இயங்கும் தொழிற்சாலைகள் மூலப்பொருளைத் தீர்வையில்லாமல் இறக்குமதி செய்கின்றன. அதனால் மிச்ச நூலானாலும் அனுமதியும் கணக்கும் இல்லாமல் படலையைத் தாண்ட முடியாது. அங்கே வேலை செய்கிற பிள்ளை யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், ‘மிச்சத்தைக் கொஞ்சம் பையில் போட்டுக் கொண்டு வா’ என்று விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். அவளுடைய வேலை போய்விடும். பழைய மாணவியர் சங்கத்தின் கடிதத் தாளில், என்ன செய்கிறீர்கள், யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு அனுப்புங்கள். அனுமதி எடுப்பது அவர்கள் பாடு. அப்படி வரும் நூல் கோனில் சுற்றிய மெல்லிய நூலாக இருக்கும். கோனின் உட்பக்க லேபலில் 2/28 என்று இருந்தால், கிராமுக்குச் சுமார் 14 மீற்றர் என்று அர்த்தம். கடையில் வாங்கும் டபிள் நிட் கிராமுக்கு ஏறத்தாழ 3 மீற்றர். ஆகவே நாலைந்து இழையைச் சேர்த்துப் பிடித்துப் பின்னினால் டபிள் நிட் பருமன் வரும். இயந்திரத்தில் வழுக்கி ஓடுவதற்காக அதில் மெழுகோ எண்ணெயோ பூசியிருக்கும். பின்னியதைக் கழுவிய பிறகுதான் அதன் உண்மையான மென்மை தெரியும். ரீ-சேர்ட் வெட்டுத் துண்டுகள் கிடைத்தால் அவற்றையும் தள்ளாதீர்கள். விரலகல நாடாவாக வெட்டித் தடித்த குறோசே ஊசியால் கால்மிதியும் கூடையும் பின்னி விற்றால் பேபி நூலுக்குக் காசாகும்.

கொழும்பு வீடுகளில் இன்னொரு புதையல் இருக்கிறது: சுவெற்றர். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரை நடக்கும். சித்திரையில் நுவரெலியா. அந்த ஒரு இரவுக்காக வாங்கிய சுவெற்றர் பிறகு கொழும்பு வெக்கையில் எதற்கு? நல்ல நிலையில் இருந்தால் கழுவி அப்படியே மலையகத்துக்கு அனுப்புங்கள், நல்ல சுவெற்றரை நூலுக்காகப் பிரிப்பது எனக்குச் சம்மதமில்லை. கை கிழிந்தது, முன்பக்கம் கறை பட்டது போன்றவற்றைப் பிரிக்கலாம்.

பிரிப்பதற்கு முன் உட்பக்கம் திருப்பிப் பக்கத்துத் தையலைப் பாருங்கள். ஓரம் வெட்டி ஓவர்லொக் அடித்திருந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வரியும் முழ நீளத் துண்டாகத்தான் வரும். ஓரம் வெட்டாமல், கண்ணிக்குக் கண்ணி சேர்த்துச் சங்கிலித் தையல் போட்டிருந்தால் அது பொன். அந்தச் சங்கிலியின் சரியான முனையில் ஒரு கண்ணியை வெட்டி இழுத்தால் அக்குளிலிருந்து இடுப்பு வரை ‘சர்’ரென்று ஒரே இழுவையில் கழன்று வரும். வராவிட்டால் மறுமுனையில் வெட்டிப் பாருங்கள், பலவந்தப்படுத்தாதீர்கள். கை, முன், பின், கழுத்து என்று தனித்தனியாகப் பிரித்த பிறகு, பின்னி முடித்த இடத்திலிருந்து, பெரும்பாலும் மேலிருந்து கீழாக, அவிழ்க்க வேண்டும். கதிரையின் முதுகில் சுற்றிக்கொண்டே போங்கள். நூல் சுருள் சுருளாக வரும், பயப்பட வேண்டாம். சிட்டத்தை நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, இளஞ்சூட்டு நீரில் ஊறவிட்டு, முறுக்கிப் பிழியாமல் துவாயில் அமுக்கி எடுத்து, நிழலில் தொங்கவிட்டால் கம்பளி நூல் நன்றாக நிமிரும். அக்ரிலிக் கொஞ்சம் சுருளோடுதான் இருக்கும், பின்னியபின் பெரிதாகத் தெரியாது. வெந்நீரில் துவைத்து இறுகிப் போன கம்பளியை மட்டும் பிரிக்க முடியாது.

லேபல் இல்லாத நூல் என்ன வகை என்று அறிய விரலளவு துண்டைக் குறட்டால் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி தலைமயிர் கருகிய மணம் தரும், தானாக அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். பருத்தி கடதாசி எரிகிற மணம், மெல்லிய சாம்பல். அக்ரிலிக், பொலியெஸ்ரர் உருகிச் சொட்டும், ஆறியதும் கல்மணி போல் இறுகும். எது எங்கே போக வேண்டும் என்பதற்கு இது முக்கியம். மலையகத்தில் மழையும் பனிமூட்டமுமான நாட்களில் தடித்த கம்பளி கழுவினால் எத்தனை நாளானாலும் காயாது. அக்ரிலிக் கெதியில் காயும், சுருங்காது, ஆகவே பொதுவாக அதுதான் நல்லது. ஆனால் லயத்தில் விறகடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்து குளிர் காய்கிற பாட்டிக்கு அக்ரிலிக் சால்வை கொடுக்கப் பயமாக இருக்கிறது. தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அவர்களுக்குக் கம்பளி வந்தால் ஒதுக்கி வையுங்கள். நுவரெலியாவில் தை, மாசியில் புல்லில் உறைபனி விழுகிற விடியல்களும் உண்டு. கார்த்திகை முடிவதற்குள் சால்வைகள் போய்ச் சேரப் பாருங்கள்.

குல்லாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘கொழும்பு வெக்கையில் குழந்தைக்குக் குல்லாவா?’ என்று நூல் கேட்கும் இடத்தில் உங்களிடம் கேட்பார்கள். குறைமாதக் குழந்தையின் தலை உடம்போடு பார்க்கப் பெரிது, சூடு அதன் வழியாக வேகமாகப் போய்விடும். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய ‘கங்காரு’ முறையில், அணையாடையும் குல்லாவும் மட்டும் போட்ட குழந்தையைத் தாயின் மார்போடு தோலுக்குத் தோல் அணைத்து வைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரைகளில் அதைப் பிறந்த உடனேயே தொடங்கச் சொல்கிறது. அணையாடையை விட்டால், அந்த வெறும் உடம்பில் உங்கள் குல்லா ஒன்றுதான் துணி. இதை இரண்டு வரியில் சொல்லுங்கள், கேட்டவரே நூல் வாங்கித் தருவார்.

ஆனால் பின்னத் தொடங்குமுன் வைத்தியசாலையிடம் கேளுங்கள். டி சொய்சா, காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, சிறுவர்களுக்கான சீமாட்டி ரிட்ஜ்வே, புற்றுநோய்க்கு மகரகம அபேக்ஷா என்று எங்கே கொடுப்பதானாலும் பணிப்பாளருக்கு ஒரு கடிதம், பிறகு விடுதிப் பொறுப்புச் சிஸ்டரிடம் நேரில் ஒரு பேச்சு. என்ன அளவு, எத்தனை, எப்படிக் கழுவுவார்கள் என்று அவர்தான் சொல்ல வேண்டும். பொதுவாக நான் சொல்லக்கூடியது: ரிபன், பொத்தான், குஞ்சம் வேண்டாம், உரோமம் பறக்கிற நூல் வேண்டாம், முடிச்சு உட்பக்கம் வந்தால் அந்த மெல்லிய தோலில் அழுந்தும், ஆகவே குல்லாவுக்கு முழு நீள நூல், துண்டு நூலெல்லாம் சதுரங்களாகிப் போர்வைக்கு. குறோசேயில் பின்னும்போது இடைவெளி பெரிதாக இருந்தால் சின்ன விரல் மாட்டும், அடர்த்தியாகப் பின்னுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கென்று 2013இல் டென்மார்க்கில் தொடங்கிய குறோசே ஒக்டோபஸ் பொம்மையைப் பார்த்து ஆசைப்பட்டு யாராவது செய்யச் சொல்வார்கள். வைத்தியசாலை கேட்டாலொழிய அதற்கு நூல் செலவழிக்காதீர்கள். அபேக்ஷாவுக்கான தொப்பியில் கம்பளி கலக்கக் கூடாது. சிகிச்சையில் முடி கொட்டிய தலையில் அது அரிக்கும். மென்மையான பருத்திதான் நல்லது.

பின்னுகிற கைகளுக்கு நூல் குறைந்து போகிற மாதங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பிறந்த நாளுக்கும் திவசத்துக்கும் முதியோர் இல்லத்திலோ சிறுவர் இல்லத்திலோ ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். ‘இந்த முறை அப்பாவின் நினைவாக 20 குல்லாவுக்கு நூல்’ என்று கேட்டுப் பாருங்கள். 500 கிராம் நூல்தானே! பற்றுச்சீட்டை அவரிடமே கொடுத்துவிடுங்கள். யார் என்ன தந்தார், எத்தனை கிராம், என்னவாகி எங்கே போனது என்று ஒரு சிஆர் கொப்பியில் எழுதி வாருங்கள். இனாமாக வந்த நூலில் பின்னியதை விற்று நிதி சேர்க்கும் எண்ணம் இருந்தால் நூல் வாங்கும்போதே சொல்லுங்கள். குழந்தைக்கென்று தந்த நூல் கண்காட்சியில் விலைச்சீட்டோடு தொங்குவதைத் தந்தவர் பார்க்க நேர்ந்தால், அந்தக் கதவு பிறகு திறக்காது. வேண்டாத நூலையும் மறுக்காமல் வாங்கி, உங்களுக்கு உதவாததைப் பின்னல் பழகும் பிள்ளைகளுக்கோ முதியோர் இல்லத்துக்கோ கைமாற்றுங்கள். வந்த நூலுக்காகத் திட்டத்தை மாற்ற வேண்டாம். கறுப்பு நூல் மூட்டையாக வந்தது என்பதற்காகக் குழந்தைக் குல்லாவை நிறுத்திவிட்டுக் கைப்பை பின்னத் தொடங்கிய குழுக்களை எனக்குத் தெரியும். வைத்தியசாலையில் சிஸ்டர் காத்திருந்தார்.

ஊசி வாங்க வேண்டியதில்லை. உங்கள் அம்மாவின் ஊசிகள் பழைய பிரித்தானிய இலக்கம்; அதில் இலக்கம் கூடக் கூட ஊசி மெலியும். 8ஆம் இலக்கம் 4 மில்லிமீற்றர், 10ஆம் இலக்கம் 3.25, 11ஆம் இலக்கம் 3. டபிள் நிட் நூலுக்கு 8ஆம் இலக்கத்தை எடுங்கள். 22 கண்ணிக்கு 10 சென்ரிமீற்றர் வர வேண்டும். நிறைமாதக் குழந்தைக்கு 72 கண்ணி ஏற்றினால் சுமார் 33 சென்ரிமீற்றர் சுற்றளவு வரும், 35 சென்ரிமீற்றர் தலைக்கு இழுபட்டுப் பொருந்தும். குறைமாதக் குழந்தைக்கான அளவைச் சிஸ்டரிடம் கேட்டு அதற்கேற்பக் கண்ணியைக் குறையுங்கள். ஊசியில் துரு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துடைத்துவிட்டு, முதலில் வெள்ளைத் துணித் துண்டில் இழுத்துப் பாருங்கள். கறை படாவிட்டால் பாவிக்கலாம்.